அவையில் நட்ட நிலை

முன்பு ஒரு காலத்தில், இரண்டு வரிசைகளாக மட்டுமே உட்காரத் தெரிந்த ஓர் அரசவை இருந்தது. கிழக்கு வரிசையில் இருந்தவர்கள் காலஞ்சென்ற பெரிய அரசரின் ஆட்கள். மேற்கு வரிசையில் இருந்தவர்கள், அவருக்குப் பின் பட்டமேறிய தம்பியின் ஆட்கள். வரிசைக்கு இருபது பேர்.

ஆண்டுதோறும் முடிசூட்டிய நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆட்சி நன்றாக நடந்தது என்பவர் வெண்கலத் தட்டில் வெள்ளரளிப் பூ வைப்பார். நன்றாக நடக்கவில்லை என்பவர் செவ்வரளி வைப்பார். மழை கொட்டிய ஆண்டிலும் பொய்த்த ஆண்டிலும் தட்டில் இருபது வெள்ளை, இருபது சிவப்பு. ஒரு பூகூட நிறம் மாறியதில்லை.

நாற்பத்தொன்றாவது பூ ஒன்று இருந்தது. அது அரசவை விகடகவி காரிக்கண்ணனுடையது. அவன் எந்த வரிசையிலும் உட்காராமல் தூணோரம் நிற்பவன். ஓர் ஆண்டு வெள்ளை வைத்தான். கிழக்கு வரிசை அவனைத் துதிபாடி என்றது. மறு ஆண்டு சிவப்பு வைத்தான். மேற்கு வரிசை அவனைத் துரோகி என்றது. அவன் எதற்கும் பதில் சொல்வதில்லை. சிரிக்க வைப்பது தொழிலாக இருந்தாலும், பேசாமல் இருக்கும் நேரம்தான் அவனுக்கு அதிகம்.

ஐந்தாம் ஆண்டு அவன் பூவே வைக்கவில்லை. அரசர் காரணம் கேட்டார். ஓர் ஆண்டு முழுவதும் ஒரே பூவில் அடங்கவில்லை என்றான்.

இதற்காகவே காத்திருந்தவர் போலக் கிழக்கு வரிசைத் தலைவர் ஆலம்பாடியார் எழுந்தார். மேற்கு வரிசைத் தலைவர் கீழமங்கலத்தாரும் எழுந்தார். அந்த இருவரும் ஒரே விஷயத்துக்காக எழுந்து நின்றதை அவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

"கேட்டால் நடுநிலை என்கிறான், அரசே. இந்த அவையில் அப்படியோர் இடத்தை நாங்கள் கண்டதில்லை. எங்கே இருக்கிறது என்று அவனையே காட்டச் சொல்லுங்கள்," என்றார் ஆலம்பாடியார்.

அரசருக்கும் ஆசை பிறந்துவிட்டது. "காரிக்கண்ணா, நாளைக் காலை அந்த நடுநிலையை என் கண்ணுக்குக் காட்டு. காட்ட முடியாவிட்டால் ஏதாவது ஒரு வரிசையில் போய் உட்கார். உட்கார மாட்டேன் என்றால் நாட்டை விட்டுப் போ."

காரிக்கண்ணன் வீட்டுக்குப் போய் நெடுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வரிசையில் உட்காருவது எளிது. உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம். அதுதான் அவனுக்கு அச்சமாக இருந்தது. எழுந்து போய்த் தச்சரை அழைத்து வந்தான். இருவருமாக வீட்டு வாசல் நிலையைச் சட்டம் குலையாமல் பெயர்த்து எடுத்தார்கள்.

அவன் மனைவி நாகை இடுப்பில் கைவைத்து நின்றாள். "வாசக்காலப் பேத்துட்டீங்களே, வீடு என்னாகிறது?"

"ஊரை விட்டுப் போறவனுக்கு வாசல் எதுக்கு?"

"போகாம ஜெயிச்சு வந்துட்டா? சுவரேறிக் குதிச்சு வருவீங்களா?"

அவன் நிலையின் ஒரு முனையைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

மறுநாள் அவை கூடியபோது, இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, திருவிழாக் கொடிக்கம்பம் ஊன்றும் குழிகளில் அந்த நிலை நின்றுகொண்டிருந்தது. கதவு இல்லை, சுவர் இல்லை. பக்கத்தில் காரிக்கண்ணன் கைகட்டி நின்றான்.

"இது என்ன?" என்றார் அரசர்.

"தாங்கள் கேட்டது, அரசே. நிலை. அவையின் நடுவே நட்டிருக்கிறேன். இதுதான் நடு நிலை."

இரு வரிசைகளும் சிரித்தன. அரசர் சிரிக்கவில்லை. சொல்லை வைத்து விளையாடித் தப்பிக்கப் பார்க்கிறாயா என்று கேட்டார்.

"இல்லை, அரசே. இது வேலை செய்யும் நிலை. வீட்டுக்குள் போகிறவர் செருப்பைக் கழற்றுவதுபோல், இதற்குள் நிற்பவர் ஆட்களின் பெயர்களை வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு நான் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இந்த நாற்பது பேரில் ஒருவர் சொல்லிவிட்டாலும், நான் அவர் வரிசையில் உட்கார்ந்து கொள்கிறேன்."

ஆலம்பாடியார் முதலில் வந்தார். நிலை உயரம் குறைவு. குனிந்துதான் உள்ளே நின்றார்.

காரிக்கண்ணன் கேட்டான். "ஐயா, அரச குடும்பத்துத் தெப்பம் மிதக்க வேண்டும் என்று ஏரி மதகை அடைத்து வைத்தார் ஓர் அரசர். கடைமடையில் கதிர் வரும் பயிர் வாடியது. செய்தது நல்லதா, கெட்டதா?"

ஆலம்பாடியார் வாயைத் திறந்தார். மூடினார். "எந்த அரசர்?" என்றார்.

"பெயர் வெளியே இருக்கிறது, ஐயா."

"எந்த ஆண்டு என்றாவது சொல்."

"பயிர் வாடிய ஆண்டு."

ஆலம்பாடியாரின் நெற்றி வியர்த்தது. பெரிய அரசரும் ஒருமுறை அப்படி மதகை அடைத்தவர். இப்போது தம்பியும் அடைத்திருக்கிறார். கெட்டது என்றால் தம் பெரிய அரசரையே சொன்னதாகும். நல்லது என்றால் எதிர் வரிசைக்கு வாயில் சர்க்கரை போட்டதாகும். தலைவலி என்று சொல்லி இடத்துக்குத் திரும்பினார்.

கீழமங்கலத்தார் ஏளனமாகச் சிரித்தபடி வந்தார். அவரிடமும் அதே கேள்விதான். "கேள்வியில் ஏதோ குறைகிறதே. அண்ணனா தம்பியா?" என்றார் அவர். பெயர் கிடைக்காமல் அவரும் இடத்துக்குத் திரும்பினார். அவருக்குப் பின் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். இருபத்திரண்டு பேரும் முதலில் கேட்டது 'யார்' என்றுதான். மற்றவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

 கடைசியில் அரசர், "அப்படியானால் நீ நின்று சொல்," என்றார்.

காரிக்கண்ணன் குனிந்து நிலைக்குள் நின்றான். அந்த ஒரு கணம் அவன் நாட்டின் எல்லையை நினைத்தான். வாசலில்லாத வீட்டில் காத்திருக்கும் நாகையை நினைத்தான்.

"கெட்டது, அரசே. அண்ணன் செய்தபோதும் கெட்டது, தாங்கள் செய்யும்போதும் கெட்டது. ஆற்றில் ஏழைகளுக்குக் கூலியில்லாமல் ஓடம் விட்டீர்கள். அது நல்லது, அண்ணன் விட்டிருந்தாலும் நல்லதுதான். அதற்கு வெள்ளை, இதற்குச் சிவப்பு. இரண்டையும் பிசைந்து ஒரு பூவாக்க எனக்குத் தெரியவில்லை. கடைமடைப் பயிர் இன்னும் நான்கு நாள்தான் தாங்கும்."

 அரசர் சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். நேராக நிலையை நோக்கி நடந்தார். காரிக்கண்ணன் விலகினான். அரசர் நிமிர்ந்தபடியே உள்ளே நுழைய, மேல்சட்டம் மகுடத்தில் மோதியது. மகுடம் உருண்டு போய்த் தூணடியில் கிடந்தது.

"நிலையின் குற்றம்," என்று மேற்கு வரிசை எழுந்தது.

"மகுடத்தின் குற்றம். அந்தத் தலைக்கு அது என்றைக்குமே பொருந்தவில்லை," என்று கிழக்கு வரிசை முணுமுணுத்தது.

அரசர் தலையைத் தடவிக்கொண்டே திரும்பினார். "நீ சொல், காரிக்கண்ணா. யார் குற்றம்?"

"கொஞ்சம் குனிந்திருக்கலாம், அரசே."

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்பே மதகைத் திறக்க ஆள் அனுப்பினார். தெப்பம் அந்த ஆண்டு சேற்றில் நின்றது. நட்ட நிலை அவையிலேயே இருக்கட்டும் என்றும், காரிக்கண்ணன் வீட்டுக்குப் புதிதாகத் தேக்கில் நிலை செய்து கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார்.

தேக்கு மரம் மறுநாளே வந்து இறங்கியது. நிலையை எவ்வளவு உயரம் வைக்க வேண்டும் என்று தச்சர் கேட்டார்.

"பழசு அளவே போதும். இனிமே அரசரே வந்தாலும் குனிஞ்சு வருவாரு," என்றாள் நாகை.