அத்திக்குக் கட்டிய துண்டு

வடிவம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். குரு சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடுவது எந்த மடத்து வழக்கம் என்று யாராவது கேட்டால், மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் இருக்கும் இந்தச் சின்ன மடத்து வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் அதில் ஒரு மனக்குறையும் இல்லை.

கோமதிநாயகம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்னமே போய்விட்டாள். ஒரே மகன் செண்பகராமன். போன சித்திரையில் அவனும் போன பிறகு, வீட்டுச் சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். வந்த அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தா அவன் நின்னிருப்பானா?"

"கஞ்சி ஆறுது. குடிங்க அண்ணாச்சி" என்றாள் வடிவம்மை.

மறுவாரம் திரும்பவும் கேட்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க என்றாள். பிறகும் எத்தனையோ தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வேலைதான் பதிலாக வந்தது. மடத்துத் தொழுவம் அந்த வருஷம்போல் என்றைக்கும் சுத்தமாக இருந்ததில்லை.

நடந்தது இதுதான். ஊரில் ஒரு கிணற்றில் தூர் வாரினார்கள். தண்ணீர் இறைக்க டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் புகை கீழேயே தங்கிவிட்டது. உள்ளே நின்ற இரண்டு பேரும் மயங்கி விழுந்தார்கள். மேலே கூடிய கூட்டம் ஐயோ ஐயோ என்றதே தவிர ஒருத்தரும் இறங்கவில்லை. அந்த வழியாக அப்பாவோடு வந்த செண்பகராமன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். பட்டமுத்து என்கிறவனைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தான். கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. சுவரைப் பிடித்து எழுந்து, திரும்பவும் கிணற்றைப் பார்த்து நடந்தான். அப்போதுதான் கோமதிநாயகம் பாய்ந்து பிடித்தார். அவன் தோளில் கிடந்த துண்டுதான் பிடியில் சிக்கியது. அவன் இறங்கிவிட்டான். துண்டு அவர் கையில் நின்றுவிட்டது.

அந்தத் துண்டோடுதான் அவர் மடத்துக்கு வந்தார்.

பட்டமுத்து மட்டும் பிழைத்துக்கொண்டான். ஒவ்வொரு அமாவாசைக்கும் மடத்து வாசலில் வந்து நிற்பான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ, நாலு கத்தரிக்காயோ இருக்கும்.

"பெரியவரைப் பாக்கணும்" என்பான்.

கோமதிநாயகம் அன்றைக்கெல்லாம் தோட்டத்தைவிட்டு வெளியே வரமாட்டார். அவன் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அவனைப் பார்த்தால் கிணற்றடியைப் பார்த்ததாகிவிடும், அவ்வளவுதான். அந்த மனுஷனும் வெகுநேரம் நின்றுவிட்டு, கொண்டுவந்ததைப் படியில் வைத்துவிட்டுப் போவான்.

மாசியில் ஓடைக்கரை அத்தி காய்க்க ஆரம்பித்தது. நாட்டு அத்தி அது. காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலும் தடித்த கொப்புகளிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். பிஞ்சுகள் சுண்டைக்காய் அளவுகூட இல்லை. அதைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. சித்திரையில் மகனுக்கு வருஷத் திதி. படையலில் அத்திப்பழம் வைக்க வேண்டும்.

"அவனுக்கு அவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டாள் வடிவம்மை.

"சின்னப் பிள்ளையில உசிர விடுவான். பழத்தப் பிட்டு, உள்ள இருக்குற பூச்சிய ஊதிட்டு வாயில போட்டுருவான். பாத்துத் தின்னுலேன்னு நான் வைவேன். பூச்சியும் இனிக்குதுப்பான்னு சொல்லுவான்." சொல்லிவிட்டு அடிமரத்துப் பிஞ்சுகளைத் தடவினார். "இந்தத் தடவை அவனுக்குப் பூச்சியில்லாத பழமா வைக்கணும் அம்மா. ஒரு கொசுகூட உள்ள போகாம நான் காப்பேன்."

வடிவம்மை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

அன்றிலிருந்து கண்டக்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றே சொல்லலாம். பழைய விசில் ஒன்று பெட்டியில் கிடந்தது. கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்தால் ஒரு விசில், அணில் ஏறினால் இரண்டு விசில். மடத்துக்கு வந்தவர்கள் பஸ் கிளம்பிவிட்டதோ என்று பதறிப்போய் எழுந்திருப்பார்கள். எறும்பு ஏறாமல் அடிமரத்தில் வேப்பெண்ணெய்த் துணியைச் சுற்றினார். தகர டப்பாக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். சாயங்காலமானால் வேப்பிலைப் புகை போட்டார். ஓடையில் துவைக்க வந்த பெண்களுக்குக் கண் எரிந்தது. பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவும் போதாது என்று பட்டது. தன் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பை தைத்தார். ஒவ்வொரு கொத்தையும் பைக்குள் விட்டு, வாயை வாழைநாரால் இறுக்கிக் கட்டினார். காற்று போகலாம், பூச்சி போகக் கூடாது. அப்படி ஒரு கட்டு. ஏணி வைத்து ஏறி, முட்டி வலியோடு, மரம் முழுக்கக் கட்டினார். ஓடைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கடைசிக் கொப்புக்கு வந்தபோது வடிவம்மை கீழே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அந்தக் கொப்ப மட்டும் விட்டுருங்க."

"என்னத்துக்கும்மா? அத்தனையும் சொத்தையாப் போகுமே."

"போகட்டும். எனக்காக விடுங்க."

குரு கேட்ட பிறகு என்ன செய்வது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். அடிமரத்தில், கண்ணுக்கு நேராக ஒரு கொத்து மிச்சமிருந்தது. மரத்திலேயே அழகான கொத்து அது. வேட்டித் துணி தீர்ந்துபோயிருந்தது. உள்ளே போய் மகனுடைய துண்டை எடுத்து வந்தார். கிழிக்க மனசு வரவில்லை. அப்படியே கொத்தைச் சுற்றி, குளிருக்குப் பிள்ளையைப் போர்த்துவதுபோல் போர்த்தி, நாரை இறுக்கி முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வடிவம்மை பார்த்தாள். ஒரு எட்டு முன்னே வைத்தாள். பிறகு திரும்பி மடத்துக்குள் போய்விட்டாள்.

பங்குனி பிறந்தது. துணி கட்டாத கொப்பில் காய் பெருத்தது, மெல்ல நிறம் மாறியது. அதைக் கொத்துவதற்குக் குக்குறுவானும் மைனாவும் அடித்துக்கொண்டன. கோமதிநாயகம் அந்தப் பக்கம் விசில்கூட ஊதவில்லை. தன் பைகளைத்தான் ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்த்தார். தொட்டால் காய் பெருத்த மாதிரியே தெரியவில்லை. நிதானமாக வளரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

திதிக்கு முந்தின நாள் காலையில் பைகளை அவிழ்த்தார். முதல் பையில் காய்கள் காம்போடு கழன்று அடியில் கிடந்தன. மஞ்சள் பாய்ந்து, சுருங்கி, கட்டின அன்றைக்கு இருந்ததைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக. இரண்டாவது பையிலும் அப்படியே. ஓடி ஓடி அவிழ்த்தார். மரம் முழுக்க அதே கதை. ஒன்றிலும் கொத்தின தடமில்லை, அரித்த தடமில்லை. ஒன்றுகூடப் பழுக்கவுமில்லை.

துண்டு கட்டின கொத்தை அவிழ்க்க அவருக்குக் கை எழவில்லை. வேர்மேல் உட்கார்ந்து பெரிய குரலில் அழுதார்.

வடிவம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"இதுவும் போச்சு அம்மா" என்றார். "இறுக்கித்தானே கட்டினேன்?"

"இறுக்கித்தான் கட்டினீங்க."

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

"தெரியும்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"துண்டைக் கட்டுற கையப் பாத்தேன். எனக்கு வாய் வரலை அண்ணாச்சி." ஓடைப் பக்கத்துக் கொப்பைக் காட்டினாள். "என்னால ஆனது, ஒரு கொப்ப விடச் சொன்னேன்."

அவள் எழுந்து, உதிர்ந்த காய் ஒன்றை எடுத்துப் பிட்டாள். உள்ளே சுத்தமாக இருந்தது. பூச்சி இல்லை, விதை இல்லை, காய்ந்த சக்கைதான்.

ஓடைப் பக்கத்துக் கொப்பிலிருந்து சிவந்த பழம் ஒன்றைப் பறித்து வந்தாள். ஒரு பக்கம் மைனா கொத்தியிருந்தது. அதைப் பிட்டதும் மணம் வந்தது. உள்ளே சதையும் விதையும் நிறைந்திருந்தன. நடுவே கடுகைவிடச் சின்னதாக இரண்டு மூன்று கறுப்புப் பூச்சிகள்.

"இது உள்ள போனாத்தான் காய் பழுக்கும். போகலைன்னா மரமே உதிர்த்துரும்" என்றாள்.

கோமதிநாயகம் காய்ந்ததையும் பழுத்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதே கொப்பில் புதிதாக ஒரு கொத்து அரும்பியிருந்தது. அதிலிருந்து ஒரு பிஞ்சைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிஞ்சின் நுனியில் ஊசி முனை அளவு ஒரு துவாரம்.

"அதுதான் வாசல். என்ன தெரியுது, பாருங்க."

வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். துவாரத்தின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. வெங்காயச் சருகின் ஒரு துணுக்கு மாதிரி.

"இறக்கையா?"

"இறக்கைதான். வாசல் ரொம்பக் குறுகல். இறக்கையோட நுழைய முடியாது. இறக்கை வெளிய சிக்கி நின்னுரும், பூச்சி மட்டும் உள்ள போயிரும்."

"பெறகு எப்படித் திரும்பி வரும்?"

"திரும்பி வராது."

கோமதிநாயகம் பிஞ்சைப் பார்த்தார். அடிமரத்தில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். எழுந்துபோய் நார் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். தானே போட்ட முடிச்சு, லேசில் அவிழவில்லை. நகத்தால் நோண்டி, பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளிருந்த காய்கள் பொலபொலவென்று காலடியில் கொட்டின. துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். கிணற்றடியில் நின்றதைப் போலவே நின்றார்.

தொழுவத்துப் பக்கமிருந்து மடத்து வேலையாள் ஒருவன் வந்து, வாசலில் பட்டமுத்து நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அமாவாசை இல்லையே என்று வடிவம்மை கேட்கவில்லை. நாளைக்கு யாருக்குத் திதி என்று பட்டமுத்துவுக்கும் தெரியும்.

"போகச் சொல்லவா அண்ணாச்சி?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார். தோட்டத்து வேலிக்கு அப்பால், படிக்குக் கீழே, ஒரு ஆள் மஞ்சள் பையைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நிற்பது தெரிந்தது. கழுத்து மெலிந்த ஆள். நல்லபடி மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். ஒரு வருஷத்தில் கோமதிநாயகம் அவனை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வேலி வரைக்கும் நடந்தார். அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி, இறக்கை ஒட்டிய பிஞ்சைப் பின்னால் வந்த வடிவம்மையிடம் நீட்டினார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கஞ்சி குடிங்க, மாட்டைப் பாருங்கன்னு சொல்லிராதீங்க."

"சொல்லலை. கேளுங்க."

"திரும்பி வர முடியாதுன்னு, உள்ள போகும்போது அதுக்குத் தெரியுமா?"

வடிவம்மை அந்தப் பிஞ்சை வாங்கிக்கொண்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"பூச்சிக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள். "செண்பகராமனுக்குத் தெரியும்."

கோமதிநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலிப் படலைத் திறந்தார்.