குழியானைக்கு வந்த அழைப்பு

பூச்சி பொட்டெல்லாம் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு செம்மண் காட்டில் தொந்தியப்பன் என்றொரு குழியானை இருந்தான். ஆனை என்றதும் தும்பிக்கையைத் தேடாதீர்கள். மிளகு அளவுப் பூச்சி. பெருத்த வயிறு, தலையில் இரண்டு கொடுக்கு, அவ்வளவுதான். மரியாதை மட்டும் ஆனை அளவு! காட்டில் யார் வளை தோண்டினாலும் முதல் மண்ணை அவன்தான் எடுத்துப் போட வேண்டும். அவ்வளவு பெரிய பெருச்சாளிகூட, "அண்ணே, ஒரு பிடி அள்ளிப் போட்டுட்டுப் போங்க" என்று வந்து கூப்பிடும். அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக நடந்து போவான். ஆமாம், அப்போதெல்லாம் அவன் முன்னால்தான் நடந்தான்.

அந்தக் காட்டுக்குப் பொடிச்சி என்ற எறும்பு தன் கூட்டத்தோடு பிழைக்க வந்தாள். ஊர் வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது. வேலமரத்தடியில் குடியிருக்க ஒரு பொந்து தோண்டினாள். தோண்டத் தோண்ட, அடியில் பளபளவென்று காக்காப்பொன் என்கிற மினுங்கும் கல் தட்டுப்பட்டது. ஏடு ஏடாகப் பெயர்த்து மேலே கொண்டுவந்து வாசலில் குவித்தார்கள். வெயில் பட்டதும் வேலமரத்தடியே மின்னியது. காடு முழுக்க வேடிக்கை பார்க்க ஓடியது.

"அண்ணே, பொடிச்சி சுரங்கத்தைப் பாத்தீங்களா? கண்ணு கூசுது! தோண்டுனா அப்படியில்ல தோண்டணும்!" என்றது பெருச்சாளி.

தொந்தியப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. 'என்னைக் கூப்பிடாமத் தோண்டின குழி. அதுல பொன்னு வேற வருதாக்கும்! நாளைக்கு முதல் மண்ணுக்கு என்னை எவன் கூப்பிடுவான்? அவளைத்தானே கூப்பிடுவானுங்க?' என்று புழுங்கினான். அவளை எப்படியாவது விழத்தட்ட வேண்டும் என்று கறுவினான்.

சுரங்கத்துக்கு எதிரே, அவள் வழக்கமாக நடக்கும் பாதையில் குழி பறிக்க இறங்கினான். ஆனால் பாருங்கள், சுரங்க வாசலை விட்டு அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் அவள் என்னத்தைக் கொண்டுவந்துவிடுவாளோ! அதனால் முகத்தை வாசலுக்கு நேரே வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து, தலையால் மண்ணை வீசி வீசித் தோண்டினான். குழி புனல் மாதிரி இறங்கியது. அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டான்.

உச்சிவெயிலில் பொடிச்சி வந்தாள். தலையில் பெரிய காக்காப்பொன் தகடு. விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரிந்து, நேரே அவன் கொடுக்கில் வந்து விழுந்தாள்.

"மாட்டினியா!" என்று பிடித்தான் தொந்தியப்பன்.

"ஐயோ, மாமா! உங்களைத் தேடித்தான் வந்துக்கிட்டிருந்தேன்!"

"என்னையா? எதுக்கு?"

"முதல் மண்ணு வழக்கத்தை இப்பத்தான் பெருச்சாளி சொல்லிச்சு. தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க. இன்னிக்கு அந்தப் பக்கம் புது வாசல் திறக்கறோம். நீங்கதான் வந்து முதல் மண்ணு எடுக்கணும். வெறுங்கையோட கூப்பிடக் கூடாதுன்னு, இருக்கிறதுலயே பெரிய தகட்டைக் கொண்டு வந்தேன்."

அவன் கொடுக்கு தானாக நெகிழ்ந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"மாமா, இந்தக் குழி நீங்க பறிச்சதா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து அவள் கூட்டத்து எறும்புகள் காலோடு கால் கோத்துச் சங்கிலியாக இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இரு புள்ள, நானும் வர்றேன்!" என்று கத்திக்கொண்டு காலை எடுத்து வைத்தான். கால் பின்னால் போனது. மறுபடி வைத்தான். மறுபடியும் பின்னால். முன்னால் நடப்பதே கால்களுக்கு மறந்துவிட்டது. மணல்தான் சரிந்து அவன் மேல் விழுந்தது.

சற்று நேரத்தில் மேலே ஒரே ஆரவாரம். புது வாசலுக்கு முதல் மண்ணைப் பெருச்சாளி அள்ளிப் போட்டது. குழிக்குள் அவள் விட்டுப்போன தகட்டின் பக்கத்தில் கிடந்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தான் தொந்தியப்பன்.

அன்று முதல்தான் குழியானை மணலில் குழி பறித்து அதன் அடியிலேயே கிடக்கிறது. விளிம்பில் ஓர் எறும்பு போனால் போதும், பொறுக்காமல் மண்ணை வாரி வாரி எறிகிறது. உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள். எத்தனை ஆசையாகக் கூப்பிட்டாலும் அது பின்னால்தான் போகும்.