பரவாயில்லைக்கு வந்த பஞ்சாயத்து

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றூர் நாட்டைத் தடந்தோளன் என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். தோள் என்னவோ மலைபோலத்தான், பேசத்தான் தெரியாது. ஒருநாள் அரசி அல்லி தன் கையாலேயே வத்தக்குழம்பு வைத்துப் பரிமாறி, "எப்படி இருக்கிறது?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"பரவாயில்லை" என்றான் மன்னன்.

பாவம், அவன் பாராட்டாகத்தான் சொன்னான். அரசி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே தாய்வீட்டுக்குப் பல்லக்கு தயாராகிவிட்டது. மன்னனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அவள் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்? சமாதானம் பேச நல்ல நடுவராகப் பாரும், அமைச்சரே!"

"அவைப்புலவர் இடிநாவலர்தான் பொருத்தம்" என்றார் அமைச்சர் வேம்பன்.

அவையே வாயைப் பிளந்தது. அமைச்சர் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த புலவருக்கோ தலைகால் புரியவில்லை. "இப்போதாவது என் அருமை தெரிந்ததே!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு போய்ப் பல்லக்கை மறித்தார். மன்னனும் பின்னாலேயே ஓடினான்.

புலவர் தொண்டையைச் செருமினார். "பரவாயில்லை என்ற சொல்லுக்குப் பதினேழு பொருள். அதில் பதினாறு, பிழையைப் பொறுத்துக்கொள்வது. ஆகவே தாயே, தங்களுக்குச் சமையல் வராது!"

"யாருக்கய்யா வராது?" என்று சீறினான் மன்னன். "நேற்று நாலு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்!"

"நாலு தரமா? அப்படியானால் மன்னருக்கு நாக்கே செத்துவிட்டது!"

அரசி பல்லக்கிலிருந்து குதித்தாள். "என் வீட்டுக்காரரையா சொல்கிறீர்? இன்னொரு வார்த்தை பேசினால் தெரியும் சேதி!"

இருவரும் சேர்ந்து புலவரைக் குளக்கரைவரை துரத்தினார்கள். திரும்பும்போது கைகோத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க வந்தார்கள்.

"இவரை எப்படி ஐயா பிடித்தீர்?" என்று அமைச்சரிடம் கேட்டான் மன்னன்.

"வேறு யார் போயிருந்தாலும், அவர் உங்கள் ஆள் என்று அரசியார் சொல்லியிருப்பார், அல்லது அரசியாரின் ஆள் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உங்கள் இருவருக்குமே பிடிக்காதவர் இவர் ஒருவர்தான், மன்னா."

மன்னன் அமைச்சருக்கு முத்துமாலை போட்டான். புலவரை நாட்டிலுள்ள புருஷன் பெண்டாட்டி சண்டைகளுக்கெல்லாம் நிரந்தர நடுவராக்கினான். ஒரே மாதத்தில் வீட்டுக்கு வீடு ஒற்றுமை. புலவர் முதுகெல்லாம் விளக்குமாற்றுத் தழும்பு.

ஒருநாள் அவர் அமைச்சரிடம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என் மனைவி கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். உடனே நல்ல நடுவராக ஒருவரைச் சொல்லும்!"

வேம்பன் கையை விரித்தார்.

"என்ன செய்வது, புலவரே! உம்மைப் போல் இன்னொருவர் இந்த நாட்டிலேயே இல்லையே!"