உலக்கை சொன்ன சேதி

முன்னொரு காலத்தில் கூர்மலை நாட்டைச் சுடர்மௌலி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். இனிப்பான சேதி சொல்பவர் கையில் உடனே தங்கக் காப்பு மாட்டுவார். கசப்பான சேதிக்குக் கதவைக் காட்டுவார். அதனாலேயே சேதித்துறைத் தலைவர் வச்சிரபாகுவுக்கு முழங்கை வரை காப்பு! அமைச்சர் சேந்தனின் கை வெறுமை.

எல்லைக் குன்றிலிருந்து சேதி முரசு வழியாக வரும். காற்று கெடுத்தாலும் புரியவேண்டுமென்று இரண்டு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒன்று, ஒவ்வொரு தட்டையும் மும்முறை தட்டுவது. மற்றது, ஓங்கியும் மெல்லவும் நாலு நாலாகத் தட்டி, ஒவ்வொரு நாலிலும் ஓங்கிய தட்டு ஒற்றைப்படையில் இல்லாமல் ஜோடியாக வரும்படி பார்த்துக்கொள்வது. எதிரிக்குப் புரியக்கூடாதென்று வச்சிரபாகு இவற்றை அடிக்கடி மாற்றி உத்தரவு அனுப்புவார். கடைசியாக எதை அனுப்பினோம் என்பது அவருக்கே மறந்துபோனதுதான் வேடிக்கை.

ஒருநாள் ராஜா காலையிலிருந்து தும்மிக்கொண்டிருந்தார். திடீரென்று முரசு முழங்கியது.

"என்ன சேதி?" என்றார் ராஜா.

வச்சிரபாகு கண்ணை மூடித் திறந்தார். "மகாராஜா! பக்கத்து நாட்டான் கப்பத்தோடு வருகிறான். கோட்டைக் கதவைத் திறக்கச் சொல்கிறான்."

"திறங்கள்!"

"பொறுங்கள் அரசே," என்றார் சேந்தன். "தலைவரே, பின்பக்கம் இன்னொரு சத்தம் கேட்கிறதே, அது என்ன சொல்கிறது?"

தலைவர் காதைத் தீட்டிக்கொண்டார். "ஆகா! கப்பத்தோடு ஏழு யானைகளும் வருகின்றனவாம்!"

ராஜா ஒரு தும்மல் போட்டார். "அடப்பாவி! அது என் சமையற்கட்டில் மிளகாய் இடிக்கிற உலக்கை ஐயா!"

சபை கொல்லென்று சிரித்தது.

"அரசே," என்றார் சேந்தன், "நான் பொருளைத் தேடவில்லை, முதலில் வழக்கத்தைத் தேடினேன். மூன்று மூன்றாகப் பிரித்தேன், தொடக்கத்திலேயே உடைந்தது. நாலு நாலாகப் பிரித்தேன், எங்கும் ஓங்கிய தட்டு ஜோடிதான். ஒரே ஒரு நாலில் மட்டும் ஒற்றை. அதைக் காற்று கெடுத்திருக்கிறது. அப்படிப் படித்தால் சேதி இதுதான்: எதிரிக் குதிரைப்படை வருகிறது, கதவை அடைத்துவிடுங்கள்."

கதவை அடைத்துத் தாழ் போட்டதுதான் தாமதம், வெளியே குளம்போசை கேட்டது. பூட்டிய கதவை முட்டிப் பார்த்துவிட்டுப் படை திரும்பிப் போனது.

"இனிப்புக்குக் காப்பு போட்ட புத்தியை என்னவென்பது!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ராஜா. சேதித்துறையைச் சேந்தனிடம் கொடுத்தார். "வச்சிரபாகு! இனி நீர் சமையற்கட்டில் உட்காரும். உலக்கை என்ன சொல்கிறதென்று தினமும் எனக்கு வந்து சொல்லும்."

மறுநாள் மூக்கும் கண்ணும் ஒழுக வந்து நின்றார் வச்சிரபாகு. "மகாராஜா... இன்றும் மிளகாய்தான்."

அந்த மனிதர் வாழ்நாளில் சரியாகச் சொன்ன முதல் சேதி அதுதான்.