கம்பியைப் பிடித்தவர் சுற்றிய சுற்று

“கிட்டத்தில் பறப்பதெல்லாம் வேகமாகத்தான் தெரியும், அதனால்...” என்று விமானக் கிளப்பின் தொடக்க விழாவில் ஒரு பெரியவர் பேசினார். அதனால் என்ன என்பது மயில்சாமிக்கு மறந்துவிட்டது.

இன்று கிளப்பின் வேகப் போட்டி. மில் முதலாளி ரத்தினசபாபதியின் மாதிரி விமானம், அவர் பிடித்திருந்த பத்து மீட்டர் கம்பியின் முனையில் அவரைச் சுற்றிப் பறந்து இறங்கியது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தைப் பார்த்து வேகத்தைப் பலகையில் எழுதுவது மயில்சாமியின் பொறுப்பு. மற்ற நாட்களில் அவன் அதே மில்லில் குமாஸ்தா. ஜெயிப்பவர் டெல்லியில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். கல்லூரி மாணவி நஸ்ரின் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரில் முன்னால் நின்றாள்.

“எனக்கு இருநூறுன்னு எழுதுடா. இல்லாட்டி நாளைக்கு மில்லுப் பக்கம் வராதே” என்றார் முதலாளி.

“எழுதிப் போடறனுங்க” என்றான் மயில்சாமி. “இருநூறுன்னா ஏறக்கொறைய நொடிக்கு ஒரு சுத்துங்க. கம்பியப் புடிச்ச நீங்களும் அதே வேகத்துல சுத்தியிருக்கோணும். அதைச் சனத்துக்கு ஒருக்காக் காட்டீட்டீங்கன்னா அப்புறம் ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. நொடிக்கு ஒரு தட்டா நான் கை தட்டறனுங்க, தட்டுக்கு ஒரு சுத்து.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க வழியில்லாமல் முதலாளி வெறுங்கையை நீட்டிச் சுற்றினார். ஐந்தாவது தட்டலில் வேட்டி தடுக்கியது. அடுத்ததில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. நஸ்ரின்தான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தலைசுற்றல் அடங்கியதும், “உன்ற கணக்கு எத்தனைடா?” என்று கேட்டார்.

“அறுபதுங்க.”

முதலாளி சாக்பீஸை வாங்கி, பலகையில் தன் பெயருக்கு நேரே அறுபது என்று எழுதினார்.