பரிசலில் வந்த மாப்பிள்ளை

சின்னவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் பின்னால் நின்றபடி கேட்கலாம், ஆனால் கொட்டாவி விடக் கூடாது.

மலையும் ஆறும் சண்டையில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த காலத்தில், மலைநாட்டைக் கொற்றவேள் என்றொரு மன்னன் ஆண்டான். அவன் எதிலும் தோற்றதே இல்லை. எப்படித் தோற்பான்? குதிரையை லாயத்துக்குள்ளேயே ஓட்டுவான். சதுரங்கத்தைத் தனியாக ஆடுவான். எதிராளிக்குக் காய்ச்சல் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் மல்யுத்தத்துக்கு இறங்குவான். தோற்றால் ஊர் சிரிக்குமே என்ற பயம் அவனுக்கு.

அப்படிப்பட்டவனுடைய ஆசை ஆற்றுக்கு அக்கரையில் போய் விழுந்தது. அக்கரைத் தலைவனின் மகள் ஆம்பல், மலைத்தேன் வாங்க வந்தவள், அவனைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். அவ்வளவுதான், மன்னனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெண் தரச் சம்மதம் என்று அக்கரையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால் அக்கரையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை தானே தனியாகப் பரிசல் ஓட்டி ஆற்றைக் கடந்து வர வேண்டும். அதுவும் சூரியன் மறைவதற்குள் வந்தாக வேண்டும்.

மன்னன் பரிசலைத் தொட்டதே இல்லை. முதலில் ஒரு நாள் குறித்தார்கள். காற்று சரியில்லை என்று தள்ளிப்போட்டான். இன்னொரு நாள் குறித்தார்கள். பல்லி சொன்னது சரியில்லை என்று தள்ளிப்போட்டான். மூன்றாம் நாளைத் தள்ளிப்போடக் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது ஆம்பல் சொல்லி அனுப்பினாள்:

“ஆத்துல விழுந்தா தலையைத் துவட்டிக்கலாம். கரையிலேயே நின்னா என்ன பண்றது? இந்தத் தடவையும் வரலைன்னா நான் காத்திருக்க மாட்டேன்.”

வேறு வழியில்லை. இரண்டு கரையிலும் கூட்டம் கூட, மன்னன் மாலையும் கையுமாகப் பரிசலில் ஏறினான்.

பரிசல் வட்டமானது. அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. மன்னன் வலப்பக்கமாகவே துடுப்பைப் போட்டான். பரிசல் கிறுகிறுவென்று சுற்றியது. பயந்துபோய் இன்னும் வேகமாகப் போட்டான். அது இன்னும் வேகமாகச் சுற்றியது. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. எங்கோ கரை தட்டியதும் தள்ளாடி இறங்கி, எதிரே நின்றவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டான்.

“மன்னா, எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்க,” என்றார் இக்கரையிலேயே நின்றிருந்த மந்திரி கண்ணந்தை.

இரண்டு கரையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. மன்னனுக்கு அழுகை முட்டியது. மந்திரி மாலையைக் கழற்றிக் கொடுத்தபடி காதோடு சொன்னார்: “உள்ளே ஒரு பரிசல்காரனைப் படுக்க வச்சு, மேலே சால்வையைப் போட்டு மூடிடலாம். யாருக்கும் தெரியாது.”

மன்னன் தலையாட்டத்தான் போனான். அதற்குள் கண் பரிசலின் மேல் விழுந்தது.

“பொறும், கண்ணந்தை,” என்றான். “அது ஏன் சுத்துச்சு?”

யோசித்தான். ஒரு பக்கமாகவே துழாவினால் சுற்றாமல் என்ன செய்யும்? மறுபடி ஏறினான். துடுப்பை முன்னால் போட்டுத் தன் பக்கம் இழுத்தான். பரிசல் நேராகப் போனது. ஆனால் ஆறு நேராகப் போகவில்லை. நீரோட்டம் அவனை அடித்துக்கொண்டு போய், குளித்துக்கொண்டிருந்த எருமைக் கூட்டத்தின் நடுவே விட்டது. ஓர் எருமை தலையை நீட்டிக் கல்யாண மாலையைச் சாவகாசமாகத் தின்றது. இன்னொன்று முதுகைச் சொறிந்துகொள்ளப் பரிசலில் உரச, மன்னன் குப்புறத் தண்ணீரில் விழுந்தான்.

மறுபடியும் ஊர் சிரித்தது. இந்தத் தடவை மன்னனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பரிசலையும் இழுத்துக்கொண்டு இக்கரைக்கு நீந்தி வந்தவன், தண்ணீர் இழுக்கிற தூரத்தைக் கண்ணால் அளந்தான். பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, ஆற்றோரமாக மேல்நோக்கி ஓடினான். பரிசலுக்குக் கால் முளைத்துவிட்டதென்று குழந்தைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

சூரியன் பாதி மறைந்துவிட்டது. மூன்றாம் முறையாக, மேலே வெகு தூரத்திலிருந்து இறங்கினான். இழு, இழு, இழு. நடு ஆற்றில் பயம் மறுபடி வந்தது. வந்தால் வரட்டும் என்று அதையும் ஏற்றிக்கொண்டு துழாவினான். சூரியன் முழுதும் மறைவதற்குள் பரிசல் அக்கரையில் ஆம்பலின் காலடிக்கே வந்து முட்டியது.

சந்தோஷத்தில் மன்னன் விளிம்பில் காலை வைத்து எழுந்தான். பரிசல் சாய்ந்தது. தொபுக்கடீர்.

அக்கரைப் பெரியவர்கள் தாடியைத் தடவினார்கள். விழுந்தவனைக் கடந்தவன் என்று எப்படிச் சொல்வது என்று ஆளுக்கொரு பேச்சு.

ஆம்பல் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். தன் கழுத்து மாலையைக் கழற்றி, சேறு சொட்டச் சொட்ட நின்றவனுக்குப் போட்டாள்.

“விழுந்தாரு, சரி,” என்றாள். “எங்க கரையிலதானே விழுந்தாரு?”

ஆகவே கேட்டவர்களே, தோற்றுவிடுவோமோ என்று பயந்து நிற்பவன் நின்ற இடத்திலேயே நிற்பான். விழுந்து, ஏன் விழுந்தோம் என்று பார்த்து, மறுபடி இறங்குகிறவனே அக்கரை சேர்வான்.