ராஜாவின் உருளும் அரண்மனை

கனகபூபதி ராஜாவுக்கு ஒரு விசித்திர ஆசை. ஊர் ஊராகச் சுற்றவும் வேண்டும், சொந்தக் கட்டிலை விட்டுப் பிரியவும் கூடாது! தச்சர்களைக் கூப்பிட்டார். கட்டில், அடுப்பு, கைக்குழந்தை இளவரசனுக்குத் தொட்டில் என்று சகலமும் வைத்து, நாலு சக்கர வீட்டு வண்டி ஒன்று தயாரானது. எட்டு மாடு பூட்டி ஜல்ஜல்லென்று கிளம்பிவிட்டார்கள்.

தங்கின இடமெல்லாம் வம்பு.

ஆற்றங்கரையில், "சே! இடுப்பு பிடித்துக்கொண்டது. என்ன ஊர் இது? பூட்டு மாட்டை!"

மாந்தோப்பில், "கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தேன். இந்த மண்ணில் பேய் இருக்கிறது. பூட்டு மாட்டை!"

மாடுகளுக்கு நுரை தள்ளியது. குளக்கரையிலும் ராஜா தொப்பென்று விழுந்தார். சேனாதிபதி வல்லபர் மெல்ல ஆரம்பித்தார்.

"இடம் பார்ப்பவன் நம் குறும்புக்கார மாசிலான்தானே, பிரபு? நாளைக்குள் நல்ல இடம் காட்டட்டும். இல்லையென்றால் ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டு இவனைப் பூட்டுவோம்."

"பேஷ்!" என்றார் ராஜா.

மாசிலான் நுகத்தடியைப் பார்த்தான். அதுவும் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது. அப்போதே கழுத்து அரித்தது.

வண்டிக்குள் ராணி குழந்தையின் பால்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இதைப் பாரேன் மாசிலா! பாதிக்கிண்ணம்தான் ஊற்றினேன். ஒரு பக்கம் மட்டும் விளிம்பு வரைக்கும் ஏறி நிற்கிறது."

மாசிலான் பார்த்தான். பொத்துக்கொண்டு வந்த சிரிப்பைக் கடித்து விழுங்கினான்.

மறுநாள், "அருமையான இடம் இருக்கிறது, மகாராஜா! போய்ச் சேரும்வரை திரையை மட்டும் விலக்கக் கூடாது" என்றான்.

வண்டி உருண்டது, உருண்டது, நின்றது. ராஜா சாப்பிட்டுப் படுத்தார். அப்படியொரு குறட்டை! எழுந்தால், கட்டிலிலேயே இருக்கிறார்.

"அடடா, சொர்க்கம்! எந்த நாடடா இது?"

"நீங்கள் தொப்பென்று விழுந்த அதே குளக்கரைதான், மகாராஜா. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வந்தோம். பள்ளத்தில் இறங்கியிருந்த சக்கரங்களுக்கு அடியில் ஒரு பலகை போட்டேன். அவ்வளவுதான்!"

சேனாதிபதி துள்ளினார். "அப்படியென்றால் தப்பு உன்மேல்தானே? நீ பார்த்த இடம் கோணல்தானே?"

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம், ஐயா. நாமோ கூடத்தையே கோணலாக நிறுத்திவிட்டு ஊரைத் திட்டினோம்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி, அரித்துக்கொண்டிருந்த அந்தக் கழுத்தில் போட்டார். சிரிப்பு அடங்கவில்லை. சிரித்த வேகத்தில் கட்டிலிலிருந்து தொப்!

மாசிலான் குனிந்து பணிவாகக் கேட்டான்.

"இதற்கு எந்தப் பக்கம் பலகை போடட்டும், மகாராஜா?"